ஒரு நாளைக்கு மட்டும் கழற்றிய கம்பி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர், அன்பு அண்ணன் அமிர்தலிங்கம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஆவராங்குடி லாரி உரிமையாளர் சங்கத்து உறவுகளே! ஓட்டுநர்களே! வைக்கோல் ஏற்றும் தோழர்களே! தாய்மார்களே! மீன் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் என் சொந்தக்காரர்களே! டீ வந்ததும் நழுவிவிடலாம் என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! எல்லோருக்கும் லாரி சங்கச் செயலாளர் தௌபீக்கின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கமாட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன். துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டாம், சட்டையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். நான் இன்று துக்கத்தோடு வந்திருக்கிறேன். அதைவிடக் கூடுதலாகக் கோபத்தோடு வந்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். நம் லாரி சங்கத் தலைவர் மருதையன் அண்ணனுக்காக உண்மையாக வருத்தப்படுகிற யாருக்கும் இன்றைக்குக் கோபம் வந்தே தீரும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அண்ணனை என்னவெல்லாம் சொன்னார்கள்! பாலம் காத்த பெருந்தகை என்றார் ஒருவர். சாலைப் பாதுகாப்புச் செம்மல் என்றார் இன்னொருவர். மனித உயிர்களின் மாவீரன் என்று பேனரிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது. ஆனால் அண்ணன் உயிரோடு இருந்தபோது இந்த ஊர் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டது? யாராவது சொல்லுங்களேன்! ஏன் குனிந்துகொள்கிறீர்கள்? ‘கம்பி’ என்றுதானே கூப்பிட்டீர்கள்? “கம்பி வருது பாரு, வண்டியை அந்தப் பக்கம் ஒதுக்குடா” என்று டீக்கடையில் என் காதுபடச் சொன்னவர் இப்போது இரண்டாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக அந்தக் கம்பியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து கடற்கரைக்குப் போகிற இந்தச் சாலையில், நம் ஊர் எல்லையில், ஒரு பழைய ரயில்வே பாலம் இருக்கிறது. மேலே ரயில் போகும், அடியில் வண்டிகள் போகும். வெள்ளைக்காரன் காலத்தில், பாரவண்டியும் குதிரைவண்டியும் போவதற்காகக் கட்டியது. அன்றைக்கு அது தாழ்ந்த பாலமே கிடையாது. அப்புறம் நாம் என்ன செய்தோம்? ரோடு பழுதானபோதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டினோம். ரோடு ஏறிக்கொண்டே போனது, பாலத்தின் அடியில் இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. உயரம் எழுதிய போர்டு மட்டும் பழைய கணக்கையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் பாலத்தின் மேல் என்ன குற்றம்? அந்தப் பாலம் என்றைக்காவது ஓடி வந்து ஒரு லாரியை முட்டியிருக்கிறதா? கட்டிய இடத்திலேயே நிற்கிறது! ஆனால் நாம் என்ன பேசுகிறோம்? “பாலம் இடிச்சிருச்சு” என்கிறோம். “பாலம் காவு வாங்குது” என்கிறோம். ஒருவர் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார். உடைத்த பூசணிக்காயில் வழுக்கி ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்ததுதான் மிச்சம்.

அதைவிட நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உயரமான வண்டி ஒன்று பாலத்துக்கு முன்னால் வந்து தயங்கி நின்றால் போதும், யாராவது ஒருவர் கையில் டீ கிளாசோடு ரோட்டுக்கு வந்துவிடுவார். அவர் ஓட்டுநரும் இல்லை, கிளீனரும் இல்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. ஆனால் அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார். “வாங்க, வாங்க, இன்னும் வாங்க, ஒண்ணும் இல்ல, தாராளமா வாங்க!” அப்புறம் ‘டமார்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அதே ஆள் சொல்வார், “போதும், நில்லுங்க!” நான் கேட்கிறேன், இடிப்பதற்கு முன்னால் ‘நில்லுங்க’ என்று சொன்ன ஒரு ஆளாவது இந்த ஊரில் இருந்தாரா? ஒரே ஒருவர் இருந்தார். அவருடைய படத்துக்குத்தான் இப்போது மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள்.

அவரும் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவரில்லை. அவர் வைக்கோல் வியாபாரி. வைக்கோல் லாரிக்கு என்ன பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். உயரம் என்பதையே கணக்கில் வைக்கமாட்டோம். கயிறு எட்டுகிற வரைக்கும் அடுக்குவோம். கேபினில் இடமில்லை என்று ஏற்றும் ஆட்கள் வைக்கோலுக்கு மேலேயே ஏறிப் படுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் மணிவண்ணன் படுத்து வந்தான். அண்ணனுடைய வண்டி. பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. கீழே ஒரு ஆள் டீ கிளாசோடு “வாங்க, வாங்க” என்றார். மேலே இடம் இருக்கிறதா என்று பார்க்க மணிவண்ணன் எழுந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் மனைவி மோகனப்பிரியா இதோ தாய்மார்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் திராணி இல்லை.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் சொன்னதை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் டிரைவரைத் திட்டினோம். பாலத்தைத் திட்டினோம். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “டிரைவரை ஏன் பாய் திட்டுறீங்க? வண்டி என்னோடது. இன்னும் ரெண்டு வரிசை வைங்கடான்னு சொன்னது என் வாய். அந்தப் புள்ள வேண்டாம்ணேன்னு சொல்லிச்சு பாய். நான்தான் கேக்கல.” சொல்லிவிட்டு அவர் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். ஊர் அறிந்த மனிதர், வேட்டி தரையில் புரள உட்கார்ந்து அழுதார். அன்றோடு தன் வைக்கோல் லாரியில் உயரமாக ஏற்றுவதை நிறுத்தினார். அன்றோடு பாலத்தைப் பிடித்துக்கொண்டார்.

தடுப்புக் கம்பி வேண்டும் என்றார். பாலத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால், ரோட்டின் இரண்டு ஓரத்திலும் தூண் நட்டு, குறுக்கே ஒரு இரும்பு உத்திரம். பாலத்துக்கு அடியில் போக முடியாத வண்டி, முதலில் அந்த உத்திரத்தில் மோதி நின்றுவிடும். கண்ணாடி உடையும், ஆள் பிழைப்பான், மேலே தண்டவாளம் அசையாது. எவ்வளவு எளிய விஷயம்! ஆனால் அதற்கு அவரை எத்தனை படி ஏற வைத்தார்கள்! ரயில் பக்கம் போனால், “ரோட்டுல வைக்கிற கம்பி எங்களுது இல்லீங்க” என்றார்கள். ரோட்டுப் பக்கம் போனால், “பாலம் எங்களுது இல்லையே, நாங்க எதுக்கு வைக்கணும்?” என்றார்கள். இரண்டு பேருமே கை கழுவினால் நடுவில் சாகிறவன் யாருடைய ஆள்? அண்ணன் இதைத்தான் கேட்டார். ஒரு அதிகாரி, “நீங்க லாரிக்காரர்தானே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று சிரித்தாராம். “லாரிக்காரன் என்கிறதாலதாங்க வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பாலத்தின் இரண்டு பக்கமும் கம்பி வந்தது. வந்ததும் யார் முதலில் கூச்சல் போட்டது? நாம்தான்! நம்முடைய சங்கம்தான்! “தலைவரே நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டா எப்படி?” என்று பொதுக்குழுவில் நாற்காலியைத் தூக்கினோம். அந்த நாற்காலியைத் தூக்கியவர் இன்று மலர்வளையம் கொண்டுவந்திருக்கிறார். பெரிய வளையம். வாசலில் நுழையாமல் அதைச் சாய்த்துத்தான் கொண்டுவந்தார். பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை நான் புகழ்ந்துகொண்டே இருப்பேன் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதரோடு குப்பை கொட்டியவன் நான். எரிச்சல் மூட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. எந்த ரோட்டில் போனாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவார். என் மகள் ஹுமைரா நிக்காஹ்வுக்கு வந்தார். வாசலில் ஆசை ஆசையாய் ஒரு பூ வளைவு வைத்திருந்தேன். “வாங்கண்ணே” என்று கையைப் பிடிக்கிறேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளைவைப் பார்க்கிறார். “பாய், கறிச் சட்டி ஏத்தின வண்டி இதுக்குள்ள வருமா?” என்று கேட்டார். வரும் வரும் என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். ஒரே சஹன் தட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ‘சரக்’ என்று ஒரு சத்தம். வளைவு வண்டி மேலே கிடந்தது. அவர் கறித் துண்டை எடுத்து என் பக்கம் வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் சவூதியில் டிரெய்லர் ஓட்டியவன். அங்கே எப்படி, இங்கே எப்படி என்று எப்போதாவது ஆரம்பித்தால், “பாய், உங்க சவூதிக் கதையை வீட்ல போயி சொல்லுங்க. இங்க இருக்கிற போல்ட்டுக்கு ஒரு ஸ்பானர் எடுத்துக்கிட்டு வாங்க” என்பார். இப்போது யாரிடம் போய் அந்தக் கதையைச் சொல்வது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கம்பியில் ஒரு சிக்கல் இருந்தது. மேற்குப் பக்கம், அதாவது ஊர்ப் பக்கம், கம்பிக்கும் பாலத்துக்கும் நடுவில்தான் மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று கோயில் குளத்துக்கு, ஒன்று தர்காவுக்கு, ஒன்று சுடுகாட்டுக்கு. ஆகவே எல்லோருக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. “நாங்க பாலத்துக்கே போகலியே, முன்னாலயே திரும்பிடுறோமே, எங்களை ஏன் கம்பி மறிக்கணும்? ஒரு நாளைக்கு மட்டும் கழட்டுங்க, மறுநாள் மாட்டிடுறோம்.”

ஒரு நாளைக்கு மட்டும்! ஆவராங்குடியில் இந்த மூன்று வார்த்தைக்கு எதிராகத்தான் அவர் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தார். சப்பரம் வருகிறது, ஒரு நாளைக்கு மட்டும். தர்கா கந்தூரிக்குச் சந்தனக்கூடு வருகிறது, ஒரு நாளைக்கு மட்டும். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் மாதா சொரூபத்தை அலங்கார வண்டியில் கொண்டுவருகிறார்கள், ஒரு நாளைக்கு மட்டும். கல்யாண மாப்பிள்ளை ரத வண்டியில் வருகிறார், ஒரு நாளைக்கு மட்டும். ஒரு தேர்தலில், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், பிரசார வண்டி வருகிறது என்று கேஸ் கட்டர் வைத்தே அறுத்துவிட்டார்கள். தலைவர் வந்தார், கையாட்டினார், போனார். வண்டி போய்ச் சேர்ந்த பிறகும் கம்பி மாதக்கணக்கில் வாய்க்காலில் கிடந்தது. கழற்றுவதற்கு ஊரே வரும்! மாட்டுவதற்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள்! மாட்டுவதற்கு அவர் ஒருவர்தான். சேற்றில் இறங்கி அந்த உத்திரத்தைக் கயிறு கட்டி இழுத்து, தன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினார்.

ஆனால் அவர் சண்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு வழியும் கண்டுபிடித்தார். கோயில்காரர்களிடம் போனார். “சப்பரத்து உச்சிக்குக் கீல் போட்டுருவோம். கம்பிகிட்ட வரும்போது மடக்குவோம். தாண்டினதும் நிமித்திடுவோம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார். முதலில் அடிக்காத குறைதான். பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதே கையோடு எங்கள் ஜமாஅத்துக்கு வந்தார். “அங்க கீல் போட்டாச்சு. இங்க போடலன்னா என்னை அங்க தின்னுடுவாங்க பாய்” என்றார். எங்கள் பெரியவர் ஒருவர், “கூடு குனியிறதா? அது காலங்காலமா நிமிர்ந்து வந்த கூடு” என்று குதித்தார். அண்ணன் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “நாம தொழும்போது குனியலியா அத்தா? கூடு ஒரு நிமிஷம் குனிஞ்சா என்ன?” பெரியவர் சிரித்துவிட்டார். கூட்டுக்கும் கீல் போட்டோம். அன்றிலிருந்து சாமியும் தலை குனிந்து போகிறது, கூடும் தலை குனிந்து போகிறது. மாதா வண்டிக்காரர்களும் கீல் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளைகளை அவரே ரதத்திலிருந்து இறக்கிவிட்டு நடக்கவைத்தார். கம்பி வந்த நாளிலிருந்து அந்தப் பாலத்தில் ஒரு உயிரும் போகவில்லை. யாராவது மறுத்துப் பேச முடியுமா?

இத்தனையும் ஒருவர் செய்தது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, போய்ப் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஷோபனா அண்ணி சலித்துக்கொள்வார்கள். “இந்த மனுஷன் அந்தக் கம்பிக்கே தாலி கட்டியிருக்கலாம் தம்பி. சோறு ஆறிப்போயி கெடக்குது, இவரு அங்க போல்ட்டை எண்ணிக்கிட்டு நிக்கிறாரு” என்பார்கள். சொல்லிக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர்களே பாலத்துக்குப் போவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நெஞ்சு பொறுக்காத இடத்துக்கு வருகிறேன். அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் முன்னதாகவே சுடுகாட்டுக்குப் போய் ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஊர்வலம் வந்தது. தாரை, தப்பட்டை, வெடி. அண்ணனின் பூப்பல்லக்கு வந்தது. என்ன பல்லக்கு! லாரி சங்கத் தலைவருக்குச் சின்னதாகச் செய்தால் சங்கத்துக்குக் கேவலம் என்று, அடுக்கடுக்காகக் கோபுரம் வைத்து, உச்சியில் ஒரு கலசமும் வைத்துச் செய்திருந்தீர்கள். நான் அந்த உச்சியைப் பார்த்தேன். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இந்த உயரம் அந்தக் கம்பியை எப்படித் தாண்டி வந்தது? பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கழற்றிவிட்டீர்கள்! சாமிக்குக் கழற்றாத கம்பியை, கூட்டுக்குக் கழற்றாத கம்பியை, மருதையனுக்காகக் கழற்றினீர்கள்! சாமி குனியலாம், கூடு குனியலாம், தலைவருடைய பூப்பல்லக்கு மட்டும் குனியக் கூடாதா? அவர் உயிரோடு அந்தப் பல்லக்கில் எழுந்து உட்கார்ந்திருந்தால் முதலில் யாரை அறைந்திருப்பார் தெரியுமா? “அண்ணனுக்குச் செய்யற கடைசி மரியாதை பாய். ஒரு நாளைக்கு மட்டும்தான்” என்றார் ஒருவர். அந்த மூன்று வார்த்தை அவர் பாடைக்கு முன்னாலும் வந்து நின்றது!

சரி, துக்கத்தில் புத்தி பேதலித்துச் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் மாட்டினீர்களா? மாட்டவில்லை. வெல்டர் திருப்பூர் போயிருக்கிறார் என்றீர்கள். பிறகு பால் தெளித்து முடியட்டும் என்றீர்கள். பிறகு காரியம் முடியட்டும் என்றீர்கள். காரியமும் முடிந்து, விருந்தும் சாப்பிட்டாயிற்று. கம்பி எங்கே? தலைவர் அமிர்தலிங்கம் அண்ணே, நீங்களே சொல்லுங்கள், கம்பி எங்கே? உங்கள் கடைக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் மேலே சாக்கு காயப் போட்டிருக்கிறது. இன்று வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த மொட்டைத் தூண்கள் இரண்டையும் சும்மா விட்டீர்களா? அவற்றுக்கு நடுவில் அண்ணனின் கண்ணீர் அஞ்சலி பேனரைக் கட்டியிருக்கிறீர்கள். துணி பேனர்! வண்டியை நிறுத்துமா அது? காற்றுப் போகட்டும் என்று அதிலும் ஓட்டை போட்டிருக்கிறீர்கள்.

இது அறுவடைக் காலம். சம்பா முற்றி நிற்கிறது. அறுவடை மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளி மாவட்டத்து டிரைவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நம் பாலமும் தெரியாது, மணிவண்ணனும் தெரியாது. மெஷினோடு ஒரு வண்டி அந்தப் பாலத்தில் மோதினால், மேலே தண்டவாளம் நகர்ந்தால், அந்த நேரத்தில் ரயில் வந்தால், அப்புறம் எத்தனை வீட்டில் இரங்கல் கூட்டம் போடுவீர்கள்?

இந்த லட்சணத்தில், இங்கே ஒரு தீர்மானம் நிறைவேற்றப் போவதாக என் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் நினைவாக ஊர் எல்லையில், ரோட்டுக்குக் குறுக்கே, ஒரு அலங்கார வளைவு கட்டுவதாம்! வளைவு! எவ்வளவு உயரம் என்று யாராவது யோசித்தீர்களா? தாளில் உயரம் இல்லை. கட்டப் போகிறவர்கள் பெயர் மட்டும் முழுசாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. ஷோபனா அண்ணிக்குப் போட்டது. தலைவர் பேசும்போது, “துயரத்தால் வர இயலவில்லை” என்றார். துக்கம் நடந்த வீட்டுப் பெண் இப்போதே வாசல் தாண்டக் கூடாது, அதுதான் வழக்கம் என்று பக்கத்தில் ஒருவர் விளக்கமும் சொன்னார். நான் என் முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? பாலத்தில் நிற்கிறார்கள்.

ஆமாம்! மேற்குப் பக்கத்தில், அந்த மொட்டைத் தூணுக்குப் பக்கத்தில், அண்ணனின் சிவப்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வரும்போது அவர்களுக்கு முன்னால் அறுவடை மெஷின் ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, கம்பியும் இல்ல, போலீசும் இல்ல, நீங்க யாரு வண்டியை மறிக்கிறது?” என்று கத்துகிறான். அண்ணி அசையவில்லை. “நான் யாருங்கிறது இருக்கட்டும் தம்பி. வண்டியைத் திருப்பு. சுத்திக்கிட்டுப் போ” என்றார்கள். அவன் திருப்பினான். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். அந்தப் பிள்ளைக்குத் தான் பிழைத்தது இன்னும் தெரியாது.

நான் இறங்கிப் போய், “அண்ணி, நான் நிக்கிறேன். நீங்க கூட்டத்துக்குப் போங்க. உங்களுக்கு நாற்காலி போட்டிருக்காங்க” என்றேன். அண்ணி சொன்னார்கள்:

“அங்க வந்து நான் என்ன தம்பி செய்யப் போறேன்? அழுதுட்டு வருவேன். நீங்க போனா ஆளைக் கூட்டிக்கிட்டு வருவீங்க. ஊரே மண்டபத்துல இருக்குதாம். இன்னிக்குத்தான் எல்லாரும் ஒரே எடத்துல கெடைப்பாங்க. அவரு படத்துக்கு மாலை போடுறது அப்பறம் போடட்டும். முதல்ல அதை மாட்டச் சொல்லுங்க.”

அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் பேச்சு இல்லை.

மருதையன் அண்ணே! உங்கள் பெயரால் நான் எந்த உறுதிமொழியும் வாசிக்கப் போவதில்லை. இந்த ஊரின் உறுதிமொழி எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். இனி அந்தப் போல்ட்டை நான் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போய்த் தொட்டுப் பார்ப்பேன். நான் போக முடியாத நாளில் மணிவண்ணன் வீட்டு மோகனப்பிரியா போய்ப் பார்க்கும். வாசலிலேயே கேட்டுவிட்டேன். “நான் பாக்குறேண்ணே” என்று சொல்லிவிட்டது. என்னையும் நாளைக்குக் ‘கம்பி’ என்று கூப்பிடுவீர்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

தீர்மானத் தாளை நான் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். டீ காத்திருக்கட்டும். இரண்டு நிமிட மௌனத்துக்கு இங்கே நிற்க வேண்டாம், அங்கே போய், மாட்டிய கம்பிக்குக் கீழே நிற்போம். அமிர்தலிங்கம் அண்ணே, கடைச் சாவியை எடுங்கள். சாக்கை அள்ளிப் போடுங்கள். ஓட்டுநர்கள் எல்லோரும் வண்டியிலிருக்கும் ஸ்பானரை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியபோது எத்தனை பேர் தோள் கொடுத்தீர்களோ, அத்தனை பேரும் இப்போது வாருங்கள்.

எழுந்திருங்கள். அண்ணி வெயிலில் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழ வேண்டும்.